குவாங்சோ விளக்குக் கண்காட்சிக்குப் போகிறீர்களா? கேட்டவையும் என் பதில்களும்

சீனாவின் குவாங்சோ நகரில் ஆண்டுதோறும் ஜூன் 9 முதல் 12 வரை சர்வதேச விளக்குக் கண்காட்சி நடக்கிறது. 1996-ல் தொடங்கியது. இப்போது 3,000-க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் ஸ்டால் போடுகின்றன. கோவையில் லைட்டிங் கன்சல்டன்ட்டாக இருக்கிறேன், ஏழு முறை போய் வந்திருக்கிறேன். இந்த முறை முதன்முதலாகப் போகும் நண்பர்கள் நிறையப் பேர் கேள்வி அனுப்பியிருந்தார்கள். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்து, தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி (ஈரோடு, எலக்ட்ரிக்கல் கடை): அண்ணா, கேண்டன் ஃபேர் என்பதும் இதுவும் ஒன்றுதானா? ஏஜென்ட் ஒருவர் ஏப்ரலில் போகச் சொல்கிறார்.

இரண்டும் ஒரே இடத்தில், பாசோ பகுதியில் இருக்கும் அந்தப் பெரிய வளாகத்தில்தான் நடக்கின்றன. ஆனால் வேறு வேறு. கேண்டன் ஃபேர் வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் ஆண்டுக்கு இரண்டு முறை, மூன்று மூன்று கட்டமாக நடக்கும் பொது வணிகச் சந்தை. விளக்குகள் அதன் முதல் கட்டத்தில் வரும், அதாவது ஏப்ரல், அக்டோபர் 15-ஐ ஒட்டிய நாட்களில். ஃபேன், மிக்ஸி, கைக்கருவி எல்லாம் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்றால் அது சரி. ஜூனில் நடப்பது விளக்குக்கு மட்டுமே. சிப், டிரைவர் (எல்இடிக்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் பாகம்), லென்ஸ், ஹீட் சிங்க், அசெம்பிளி மெஷின் வரைக்கும் பார்க்கலாம். கடைக்குச் சரக்கு மட்டும் வாங்குகிறவருக்கு ஏப்ரல் போதும். விளக்கையே தொழிலாக எடுத்தவர் ஜூனில் போக வேண்டும்.

கேள்வி (திருச்சி): விசா, டிக்கெட், பதிவு இதையெல்லாம் எப்போது தொடங்க வேண்டும்?

மார்ச்சிலேயே தொடங்குங்கள். வணிக வேலைக்கு எம் வகை விசா. அழைப்புக் கடிதம் வேண்டும். ஏற்கெனவே பேசி வைத்திருக்கும் சப்ளையரிடம் கேட்டால் அனுப்புவார். கண்காட்சியின் தளத்தில் பார்வையாளராக முன்கூட்டியே பதிவு செய்துவிடுங்கள், வாசலில் வரிசை மிச்சம். பாஸ்போர்ட்டில் இருக்கும் பெயர் எழுத்துக்கு எழுத்து அப்படியே இருக்கட்டும்.

ஹாங்காங்கையும் சேர்த்துப் போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். ஹாங்காங்கில் இறங்கி, குவாங்சோ போய், திரும்ப ஹாங்காங் வழியாக ஊருக்கு வந்தால் ஒரு நுழைவு விசா போதும். சீனாவுக்குள் போய், ஹாங்காங் வந்து, மறுபடி சீனாவுக்குள் போவதாக இருந்தால் இரண்டு நுழைவு கேட்டு வாங்க வேண்டும். ஹாங்காங்குக்கு நம் பாஸ்போர்ட்டுக்கு விசா கிடையாது, ஆனால் இணையத்தில் முன்பதிவு செய்து அந்தத் தாளை அச்செடுத்துக் கையில் வைத்திருக்க வேண்டும். அதில் 14 நாள் வரை தங்கலாம். மேற்குக் கவ்லூனிலிருந்து குவாங்சோ தெற்கு நிலையத்துக்கு அதிவேக ரயிலில் ஒரு மணி நேரம்தான்.

கேள்வி (மதுரை): எங்கே தங்குவது? டாக்சியில் போகலாமா?

மெட்ரோவில் போங்கள். லைன் 8-ல் சின்காங்டோங், பாசோ என்று இரண்டு நிலையங்கள் வளாகத்தை ஒட்டியே இருக்கின்றன. முதலாவது ஏ பகுதிக்கு, இரண்டாவது பி பகுதிக்கு. உங்கள் ஹால் எது என்று பார்த்து இறங்குங்கள். மாற்றி இறங்கினால் அந்த வளாகத்துக்குள் நடப்பதிலேயே அரை மணி நேரம் போய்விடும். வளாகத்துக்குப் பக்கத்தில் ஹோட்டல்கள் அந்த வாரம் விலை ஏறிவிடும். லைன் 8-லோ, அதோடு சேரும் லைன் 3-லோ நாலைந்து நிலையம் தள்ளித் தங்கினாலே நல்ல வித்தியாசம். லைன் 3 விமான நிலையத்துக்கும் போகிறது. எல்லா ஹோட்டலும் வெளிநாட்டவரை ஏற்பதில்லை, பதிவு செய்யும்போதே கேட்டு உறுதி செய்யுங்கள்.

கேள்வி (சேலம்): அங்கே ஜிபே கிடையாது, வாட்ஸ்அப் வேலை செய்யாது என்கிறார்கள். உண்மையா?

உண்மை. கூகுள், வாட்ஸ்அப் இரண்டும் அங்கே இருக்கும் வைஃபையில் திறக்காது. நம் ஊர் சிம்மில் இன்டர்நேஷனல் ரோமிங் போட்டுக்கொண்டு போனால் வேலை செய்யும். பணத்துக்கு அலிபே, வீசாட் என்ற இரண்டு ஆப்பையும் ஊரிலேயே இறக்கி, விசா கார்டு அல்லது மாஸ்டர்கார்டை இணைத்துவிடுங்கள். கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை வங்கி ஆப்பில் திறந்து வைக்க வேண்டும், நிறையப் பேர் இதை மறந்துவிட்டு அங்கே போய்த் தவிக்கிறார்கள். வெளிநாட்டுக் கார்டில் ஒரு முறைக்கு 200 யுவானுக்கு மேல் போனால் 3% கட்டணம் பிடிப்பார்கள். வீசாட் கணக்கு தொடங்க ஏற்கெனவே அதில் இருக்கும் ஒருவர் உறுதி செய்ய வேண்டியிருக்கும், அதனால் கடைசி நாளுக்கு வைக்காதீர்கள். அங்கே விசிட்டிங் கார்டை விட வீசாட் க்யூஆர்தான் பேசும்.

இன்னொன்று. சீனாவுக்குள்ளேயே விமானம் ஏறுகிறீர்கள் என்றால், 3சி என்ற சீனப் பாதுகாப்பு முத்திரை இல்லாத பவர் பேங்க்கை 2025 ஜூன் 28 முதல் அனுமதிப்பதில்லை. நம் ஊரில் வாங்கியவற்றில் பெரும்பாலும் அது இருக்காது.

கேள்வி (சென்னை, இன்டீரியர் டிசைனர்): சார், பட்டுப்புடவை ஷோரூம்களுக்கு விளக்கு அமைத்துக் கொடுக்கிறேன். ஸ்டாலில் எல்லா விளக்கும் அழகாகத்தான் தெரிகிறது. எதைக் கேட்டுத் தேர்ந்தெடுப்பது?

நல்ல கேள்வி மேடம். எனக்கு மிகவும் பிடித்த விஷயமும் இதுதான்.

சிஆர்ஐ (வெளிச்சத்தில் நிறங்கள் எவ்வளவு இயல்பாகத் தெரிகின்றன என்ற அளவு) 80, 90 என்று எண் சொல்வார்கள். அது வெளிர் நிறங்கள் எட்டின் சராசரி. அடர் சிவப்பு அந்த எட்டில் இல்லை, ஆர்9 என்று தனியாக அளப்பார்கள். சிஆர்ஐ 80 உள்ள விளக்கில் ஆர்9 பூஜ்யத்தை ஒட்டிக்கூட இருக்கலாம். அந்த வெளிச்சத்தில் அரக்குச் சிவப்புப் புடவை பழுப்படித்த மாதிரி தெரியும். வாங்குகிறவர் வாசலில் வெயிலில் கொண்டுபோய்ப் பிரித்துப் பார்ப்பது அதனால்தான். சிஆர்ஐ 90-க்கு மேல், ஆர்9 50-க்கு மேல் என்று கேளுங்கள். அளந்த ரிப்போர்ட்டைக் காட்டச் சொல்லுங்கள். அப்புறம், போகும்போது ஒரு சாண் அரக்குப் பட்டுத் துணியும் ஒரு மாம்பழ மஞ்சள் துணியும் பையில் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டாலில் விளக்குக்குக் கீழே விரித்துப் பாருங்கள். நான் ஒவ்வொரு முறையும் கொண்டுபோகிறேன். ஸ்டாலில் இருப்பவர்களே எழுந்து வந்து பார்ப்பார்கள், பேச்சு அங்கிருந்துதான் சூடு பிடிக்கும்.

அடுத்தது, நிற ஒற்றுமை. 3000 கெல்வின் என்று எழுதிய இரண்டு விளக்கை ஒரே சுவரில் அடித்தால் ஒன்று சற்றுப் பச்சையாகவும் ஒன்று ரோஸாகவும் தெரியும். மூன்று ஸ்டெப் மெக்காடம் (விளக்குக்கு விளக்கு நிறம் எவ்வளவு மாறலாம் என்ற அளவு) என்று ஆர்டரில் எழுதி வாங்குங்கள். மினுக்கல் இருக்கிறதா என்று பார்க்க, போன் கேமராவை ஸ்லோமோஷனில் வைத்துப் பாருங்கள், அல்லது விளக்குக்கடியில் பேனாவை வேகமாக ஆட்டுங்கள். பேனா விட்டுவிட்டுப் பல பேனாவாகத் தெரிந்தால் அந்த டிரைவர் வேண்டாம். கல்லாவில் பத்து மணி நேரம் உட்காரும் பெண்ணின் தலைவலி அதில் இருக்கிறது.

கேள்வி (கோவை, ஸ்ட்ரீட்லைட் அசெம்பிளி): எல்லா ஸ்டாலிலும் 50,000 மணி நேரம் உழைக்கும் என்கிறார்கள், எல்எம்-80 ரிப்போர்ட்டும் காட்டுகிறார்கள். நம்பலாமா?

ரிப்போர்ட் பொய் என்று சொல்ல மாட்டேன். எதைப் பற்றிய ரிப்போர்ட் என்று பார்க்க வேண்டும். எல்எம்-80 சோதனை எல்இடி சிப்புக்கு. முழு விளக்குக்கு அல்ல. சிப்பைக் குறைந்தது 6,000 மணி நேரம் எரியவிட்டு வெளிச்சம் எவ்வளவு குறைகிறது என்று பார்ப்பார்கள். அந்தக் கணக்கை நீட்டி ஆயுள் சொல்வதற்கு டிஎம்-21 என்ற முறை. அதிலும் சோதித்த நேரத்தைப் போல் ஆறு மடங்குக்கு மேல் சொல்லக் கூடாது. 6,000 மணி நேர ரிப்போர்ட்டை வைத்து 36,000 வரைதான் சொல்லலாம். 50,000 என்றால் சுமார் 8,400 மணி நேரச் சோதனை வேண்டும். இந்தக் கணக்கை ஸ்டாலில் அமைதியாகக் கேட்டுப் பாருங்கள். ஃபேக்டரி எஞ்சினியரைக் கூப்பிடுகிறவர்களும் இருப்பார்கள், பேச்சை மாற்றுகிறவர்களும் இருப்பார்கள். அதிலேயே பாதி வடிகட்டிவிடலாம். முழு விளக்கின் வெளிச்சம், வாட், பரவல் இவற்றுக்கு எல்எம்-79 ரிப்போர்ட், ஐஇஎஸ் ஃபைல் (வெளிச்சப் பரவலின் கம்ப்யூட்டர் கோப்பு) இரண்டையும் வாங்குங்கள்.

நம் ஊரில் தெருவிளக்கு சாவது சிப்பால் இல்லை, டிரைவரால். லைனில் வோல்டேஜ் ஏறி இறங்குகிறது, இடி இடித்தால் சர்ஜ், அதாவது திடீர் வோல்டேஜ் பாய்ச்சல் வருகிறது. உள்ளீடு 300 வோல்ட் வரை தாங்குமா, சர்ஜ் பாதுகாப்பு எத்தனை கிலோவோல்ட் என்று கேளுங்கள். தெருவிளக்குக்கு நான் 10-க்குக் குறைந்து எடுப்பதில்லை. எத்தனை டிகிரி சுற்றுச்சூட்டுக்கு வடிவமைத்தது என்பதும் முக்கியம். விளக்கில் எதுவும் எழுதவில்லை என்றால் 25 டிகிரி என்றுதான் கணக்கு. வேலூர் மே மாதத்துக்கு அது எப்படிப் போதும்? டிரைவருக்குள் இருக்கும் கெப்பாசிட்டர் ஒவ்வொரு 10 டிகிரி கூடினாலும் ஏறக்குறையப் பாதி ஆயுளை இழக்கும்.

கேள்வி (திருப்பூர்): விலை படிந்தால் ஸ்டாலிலேயே ஆர்டர் போட்டு அட்வான்ஸ் கொடுத்துவிடலாமா?

வேண்டாம் தம்பி. என் இரண்டாவது பயணத்தில் அதைத்தான் செய்தேன். ஒரு மருத்துவமனை வராண்டாவுக்கு 400 டவுன்லைட். சாம்பிளில் இருந்த டிரைவர் வேறு, கன்சைன்மென்ட்டில் வந்தது வேறு. எட்டு மாதத்தில் நூறுக்கு மேல் மினுக்க ஆரம்பித்தன. நோயாளிகள் படுத்திருக்கும் இடம். அத்தனையையும் என் செலவில் மாற்றினேன்.

இப்போது செய்வது இது. பிடித்த சாம்பிளை விலை கொடுத்து வாங்கிக்கொண்டு வருகிறேன். திறந்து டிரைவர், சிப் இரண்டையும் படம் எடுக்கிறேன். ஒரு மாதம் எரியவிடுகிறேன். தேறினால் இரண்டு சாம்பிளில் இரு தரப்பும் கையெழுத்திட்டு, ஒன்று அவர்களிடம், ஒன்று என்னிடம். டிரைவர், சிப் இவற்றின் தயாரிப்பாளர் பெயரும் மாடல் எண்ணும் ஆர்டரிலேயே இருக்கும். 30% முன்பணம், சரக்கு ஏறுமுன் ஆள் வைத்துச் சோதனை, அதன் பிறகுதான் மீதி 70%. பணம் கம்பெனி கணக்குக்கு மட்டும். வங்கிக் கணக்கு மாறிவிட்டது என்று மெயில் வந்தால், முன்பே தெரிந்த எண்ணுக்குப் போன் போட்டுக் குரலைக் கேட்டு உறுதி செய்யாமல் அனுப்பாதீர்கள்.

கேள்வி (நாகர்கோவில்): தீபாவளிக்கு சீரியல் செட் ஒரு கன்டெய்னர் இறக்கலாம் என்று யோசனை.

பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவைப் பார்த்தீர்களா? எல்இடி பல்புக்கு ஐஎஸ் 16102, டிரைவருக்கு ஐஎஸ் 15885, விளக்குகளுக்கு ஐஎஸ் 10322. இவை கட்டாயப் பதிவில் இருப்பவை. எல்இடி சீரியல் செட்டும் பட்டியலில் உண்டு. பதிவு அந்தக் குறிப்பிட்ட ஃபேக்டரிக்கு, அந்த பிராண்டுக்கு. வெளிநாட்டு ஃபேக்டரி என்றால் இந்தியாவில் ஒரு அதிகாரப்பூர்வப் பிரதிநிதியும் வேண்டும். "எங்களிடம் பிஐஎஸ் இருக்கிறது" என்று ஸ்டாலில் சொன்னால், ஆர் என்று தொடங்கும் பதிவு எண்ணை வாங்கி பிஐஎஸ் தளத்தில் நீங்களே பாருங்கள். அது வேறு பிராண்டுக்கு வாங்கியதாக இருக்கலாம். எண் இல்லாமல் இறக்கினால் கஸ்டம்ஸில் நின்றுவிடும், ஒவ்வொரு நாளும் வாடகை ஏறும். உங்களிடம் ஐஇசி (ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண்) இருக்கிறதா, நல்ல கிளியரிங் ஏஜென்ட் இருக்கிறாரா என்பதையும் கிளம்புவதற்கு முன் முடித்துக்கொள்ளுங்கள். இந்தத் தீபாவளிக்கு இனிமேல் தொடங்கினால் நேரம் போதாது. அடுத்த ஆண்டுக்கு இப்போதே தொடங்குங்கள்.

கேள்வி (தஞ்சாவூர்): கூஜென் என்று ஓர் ஊர், முழுக்க விளக்குக் கடை என்கிறார்கள். போக வேண்டுமா?

அலங்கார விளக்கு, சரவிளக்கு வாங்குகிறவர்கள் கட்டாயம் போங்கள். சோங்ஷான் நகரைச் சேர்ந்த சிற்றூர் அது, சீனாவின் விளக்குத் தலைநகரம் என்றே பெயர். குவாங்சோ தெற்கிலிருந்து ரயில் இருக்கிறது. கண்காட்சி முடிந்த மறுநாள் வைத்துக்கொள்ளுங்கள். மாடி மாடியாகக் கடைகள், ஒரே நாளில் பார்த்து முடியாது. ஸ்டாலில் பிடித்த ஃபேக்டரி அங்கே இருந்தால் நேரில் போய், அசெம்பிளி லைனையும், எரியவிட்டுச் சோதிக்கும் ரேக்கையும் பாருங்கள். ரேக் காலியாக இருந்தால் அதற்கான காரணத்தைக் கேளுங்கள்.

கேள்வி (கும்பகோணம்): சுத்த சைவம். சமாளிக்க முடியுமா?

முடியும். குவாங்சோவிலேயே சியாவோபெய் என்ற பகுதியில் இந்திய உணவகங்கள் இருக்கின்றன, இரவுச் சாப்பாட்டுக்குப் போகலாம். பகலில் வளாகத்தில் பழமும் ரொட்டியும்தான். ஊரிலிருந்து பருப்புப்பொடி, ரெடிமிக்ஸ் உப்புமா, ஒரு சின்ன கெட்டில் எடுத்துப் போங்கள். "நான் சைவம், முட்டை, மீன், இறைச்சிச் சாறு எதுவும் வேண்டாம்" என்று சீனத்தில் எழுதிய வரியைப் போனில் படமாக வைத்துக்கொண்டு காட்டுங்கள். இறைச்சிச் சாற்றைத் தனியாகச் சொல்ல வேண்டும், காய்கறிக் கறியிலும் ஊற்றுவார்கள். குடையும் எடுங்கள், ஜூனில் அங்கே மழையும் புழுக்கமும்.

கேள்வி (திண்டுக்கல்): அண்ணே, அப்பாவுக்கு 68 வயது. நாற்பது வருஷம் சோக்கும் ஸ்டார்ட்டரும் விற்றவர். ஒரு தடவை பார்க்கணும் என்கிறார். அந்த நடைக்கு அவர் தாங்குவாரா?

கூட்டிப் போங்கள். முதல் நாள் கூட்டம், அன்று அவர் அறையில் ஓய்வெடுக்கட்டும். கடைசி நாள் மதியத்துக்கு மேல் ஸ்டாலைப் பிரிக்கத் தொடங்கிவிடுவார்கள். இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் காலையில் ஒன்பதரை முதல் பன்னிரண்டரை வரை, நாளுக்கு இரண்டே ஹால். முந்தின இரவு ஸ்டால் வரைபடத்தைப் பார்த்து, டிரைவரும் உதிரிபாகமும் இருக்கும் ஹாலை அவருக்காகத் தேர்ந்தெடுங்கள். பழகிய ரப்பர் செருப்பு அல்லது ஷூ, மடக்கு நாற்காலி ஒன்று, மாத்திரைச் சீட்டின் நகல். டிரைவர் ஸ்டாலில் அவரை உட்கார வைத்து, மூடியைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். சோக்குக்குள் செம்புக் கம்பி பார்த்த கண், உள்ளே சுற்று எப்படி இருக்கிறது என்று அவரே சொல்லிவிடுவார். அவர் சொல்வதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.