மோரிக்கோனே: படத்துக்கு முன்பே பிறந்த இசை

கேள்வி: உங்களுக்குப் பிடித்த பின்னணி இசையமைப்பாளர் யார்? மறக்கவே முடியாத படத்து இசை எது?

ராஜா என்று சொல்ல இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள், அந்த வேலையை உங்களிடமே விட்டுவிடுகிறேன். என் ஓட்டு இத்தாலிக்காரரான என்னியோ மோரிக்கோனேவுக்கு. படம், செர்ஜியோ லியோனே இயக்கிய 'ஒன்ஸ் அப்பான் எ டைம் இன் தி வெஸ்ட்' (1968).

வழக்கமாகப் படத்தை எடுத்து, எடிட்டிங் முடித்த பிறகுதான் பின்னணி இசைக்கு உட்காருவார்கள். இங்கே எல்லாம் தலைகீழ். முக்கியமான மெட்டுகளை மோரிக்கோனே முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டார். லியோனே படப்பிடிப்புத் தளத்திலேயே அவற்றை ஒலிக்கவிட்டு நடிகர்களை நடிக்க வைத்தார். (நம் ஊரில் 'வீடு' படத்துக்குப் பாலு மகேந்திரா, ராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' இசைத் தொகுப்பிலிருந்து எடுத்துப் பயன்படுத்தினார். ஆனால் அது படத்துக்கென்று எழுதிய இசை இல்லை.)

இதன் பலனைப் பார்க்க ஒரு காட்சி போதும். கிளாடியா கார்டினாலே ரயிலில் வந்து இறங்குகிறார். கூட்டிப்போக யாரும் வரவில்லை. காத்திருந்து பார்த்துவிட்டு நிலைய அலுவலகத்துக்குள் நுழைகிறார். கேமரா வெளியிலேயே நின்று ஜன்னல் வழியாக அவரைப் பார்க்கிறது, பிறகு மெல்ல மேலே ஏறிக் கூரையைத் தாண்டுகிறது. அந்தப் பக்கம் ஒரு ஊரே பரபரவென்று இயங்கிக்கொண்டிருக்கிறது. எட்டா தெல்லோர்சோ என்ற பாடகியின், சொற்களே இல்லாத குரல் உயர உயர, கிரேனும் உயர்கிறது. வாத்தியங்கள் மொத்தமும் எழும் நேரத்தில் ஊர் விரிகிறது. முடித்த காட்சிக்கு இசை ஒட்டினால் இந்தப் பொருத்தம் வருமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

இத்தனை இசையைக் கையில் வைத்துக்கொண்டு, படத்தின் ஆரம்பத்தில் கிட்டத்தட்ட இசையே கிடையாது! மூன்று துப்பாக்கிக்காரர்கள் ரயிலுக்குக் காத்திருக்கிறார்கள். காற்றாலை கிறீச்சிடுகிறது, ஒருவன் தொப்பியில் தண்ணீர் சொட்டுகிறது, இன்னொருவன் முகத்தில் ஈ. ரயில் வந்து போன பிறகுதான் ஹார்மோனிகா (மவுத் ஆர்கன்) கேட்கிறது.

படம் பார்க்காதவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிவிடுங்கள்.

சார்லஸ் பிரான்சன் பேச வேண்டிய இடத்திலெல்லாம் ஹார்மோனிகா ஊதுவார். ராகம் என்று சொல்ல முடியாது, ஒன்றிரண்டு சுரங்கள் ஒன்றோடொன்று உரசி முனகும். காதுக்கு இதமே இருக்காது. ஏன் இப்படி என்று கடைசிச் சண்டையில், ஒரு பழைய நினைவாகத்தான் தெரியும். அண்ணன் கழுத்தில் தூக்குக்கயிறு. சிறுவனான பிரான்சனின் தோளில்தான் அவன் நிற்கிறான். பையன் சரிந்தால் அண்ணன் உயிர் போய்விடும். அந்த நேரத்தில் வில்லன் ஹென்றி ஃபோண்டா பையனின் வாயில் ஹார்மோனிகாவைத் திணிக்கிறான். பையன் மூச்சு வாங்குவதுதான் அந்தச் சத்தம். ஒரு பின்கதையையே வாத்தியத்தின் ஒலிக்குள் ஒளித்து வைத்துவிட்டார் மோரிக்கோனே.

லியோனேயும் மோரிக்கோனேவும் ரோமில் ஒரே ஆரம்பப் பள்ளியில் படித்தவர்கள். 1964இல் முதல் முறையாகச் சேர்ந்தபோது கையில் காசு குறைவு. விசில், சாட்டையடி, எலெக்ட்ரிக் கிட்டார் என்று இருப்பதை வைத்தே சமாளித்தார்கள். பிறகு அதுவே உலகம் முழுக்கக் கௌபாய் படங்களின் அடையாளம் ஆகிவிட்டது. 

ஆஸ்கர் விஷயத்தில் மட்டும் எனக்கு இன்னும் ஆறவில்லை. 'தி மிஷன்' (1986) படத்தின் ஓபோ (ஒரு குழல் வாத்தியம்) இசைக்குப் பரிசு இல்லை. 2007இல் கௌரவ விருது கொடுத்தார்கள். போட்டியில் வென்றது 2016இல், 'தி ஹேட்ஃபுல் எய்ட்' படத்துக்கு, 87 வயதில். நல்ல இசைதான். ஆனால் 'தி மிஷன்' பக்கத்தில் அதை வைக்க எனக்கு மனம் வராது.