மீன் தொட்டிக் கல்லை ஒரே நாளில் மாற்றலாமா?

கேள்வி: இரண்டடி தொட்டியில் வண்ணக்கல் போட்டு மூன்று வருடமாகிறது. கோரிடோரஸ் மீன்களின் மீசை தேய்ந்து வருகிறது. மணலுக்கு மாற நினைக்கிறேன். மீன்களை வாளியில் விட்டு, தொட்டி, ஃபில்டர் எல்லாவற்றையும் ஒரே நாளில் குழாயடியில் கழுவிவிடலாமா? மீசை மறுபடி வளருமா?

பதில்: மணலுக்கு மாறுவது நல்ல முடிவு. கோரிடோரஸ் நாள் முழுக்க அடியைக் கிளறி இரை தேடும் மீன். கூரான கல் மீசையை உரசும், கல்லிடுக்கில் தேங்கும் அழுக்கு அதைப் புண்ணாக்கும். பெரும்பாலும் அந்த அழுக்குதான் முதல் காரணம்.

கல்லை ஒரே நாளில் மாற்றலாம். ஆனால் அன்று ஃபில்டரைக் கழுவவே கூடாது. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் பெரும்பாலும் தண்ணீரில் இருப்பதில்லை. கல்லிலும் ஃபில்டர் ஸ்பாஞ்சிலும் ஒட்டி வாழ்கின்றன. இரண்டையும் குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் கழுவினால் தொட்டி பளிச்சென்று இருக்கும், ஆனால் பாக்டீரியா அழிந்து அம்மோனியா சேர்ந்துவிடும், சில நாட்களிலேயே மீன்கள் மேலே வந்து மூச்சுவாங்கத் தொடங்கும்.

உங்களுடையது கல்லுக்கு அடியில் தட்டு வைத்த ஃபில்டர் என்றால் அவசரப்படாதீர்கள். அங்கே கல்தான் ஃபில்டர். தனி ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஒன்றைச் சேர்த்து ஒரு மாதமாவது ஓடவிட்டு, அப்புறம் கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள்.

மற்ற ஃபில்டர் என்றால், முதலில் ஹீட்டரை அணைத்து ஆறவிடுங்கள். மேல்தண்ணீரைத் தெளிவாக இருக்கும்போதே வாளிகளில் பிடித்துக்கொள்ளுங்கள். அந்தத் தண்ணீரிலேயே மீன்களை விட்டு, ஃபில்டரையும் அதே வாளியில் ஓடவிடுங்கள். கோரிடோரஸ் துள்ளும், மூடி போடுங்கள். மீன்கள் உள்ளே இருக்கும்போது கல்லை அள்ளவே வேண்டாம். நாள்பட்ட கல்லுக்கு அடியில் கறுத்த திட்டும் அழுகிய முட்டை நாற்றமும் இருந்தால் அது ஹைட்ரஜன் சல்பைடு, மீனுக்கு விஷம்.

மணலில் இரண்டு சொட்டு வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது, தண்ணீரின் கடினத்தன்மையை ஏற்றிவிடும், வேண்டாம். விளிம்பு மழுங்கிய நைஸ் மணலாகப் பார்த்து, கழுவும் தண்ணீர் தெளியும்வரை அலசுங்கள். 60 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலத்துக்கு 3 செ.மீ. உயரம் பரப்ப ஏறக்குறைய 8 கிலோ போதும். மணல்மேல் ஒரு தட்டை வைத்து அதன்மீது தண்ணீரை மெதுவாக ஊற்றினால் அதிகம் கலங்காது. பிடித்துவைத்த தண்ணீர் போக மீதிக்கு, குளோரின் நீக்கிய, அதே வெப்பநிலையில் உள்ள தண்ணீரைச் சேருங்கள். மணல் படிந்த பிறகே வாளியில் ஓடும் ஃபில்டரைத் தொட்டிக்கு மாற்றுங்கள். இல்லாவிட்டால் மோட்டாருக்குள் மணல் போய்விடும்.

பழைய கல்லில் இரண்டு கைப்பிடியை, அதில் ஒட்டியுள்ள பாக்டீரியாவுக்காக, தொட்டித் தண்ணீரில் அலசி, வலைப்பையில் கட்டி, ஃபில்டர் ஓட்டத்தருகே ஒரு மாதம் தொங்கவிடுங்கள்.

அன்று இரை போடாதீர்கள், அடுத்த வாரம் பாதி அளவு போதும். இரண்டு வாரம் தினமும் அம்மோனியா, நைட்ரைட் சோதித்துப் பாருங்கள். பூஜ்யத்துக்கு மேல் எது காட்டினாலும் அன்றே கால்பங்கு தண்ணீரை மாற்றுங்கள்.

மீசை அடியோடு அழிந்துபோகாமல் இருந்தால், சுத்தமான மணலில் மெல்ல வளர்ந்துவிடும்.