இ.சி.இ. சீட்டும் ஏ.ஐ. ஆய்வும்

மதிப்பிற்குரிய ஐயா,

நான் பெரம்பூரில் வசிக்கிறேன். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் எலக்ட்ரீஷியனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். என் பெண் கவுன்சலிங்கில் கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் வேண்டும் என்று இருந்தாள். கட் ஆஃப் கொஞ்சம் குறைந்துபோய் இ.சி.இ.தான் கிடைத்தது. "இது ஏ.ஐ. காலம், இனிமேல் சர்க்யூட் படித்து என்ன செய்யப் போகிறாள்?" என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். பத்திரிகையில் வரும் ஆராய்ச்சிச் செய்திகளும் மென்பொருளைப் பற்றித்தான் இருக்கின்றன. அவள் சரியாகச் சாப்பிடுவதுகூட இல்லை. ஒரு பயிற்சி நிலையத்தில் ஆறு மாத ஏ.ஐ. கோர்ஸுக்கு எண்பதாயிரம் ரூபாய் கேட்கிறார்கள். கடன் வாங்கியாவது சேர்த்துவிடலாமா?

ஒரு தந்தை, பெரம்பூர்

அன்புள்ள ஐயா,

உங்கள் மகளிடம் முதலில் இதைச் சொல்லுங்கள். இன்றைக்கு ஏ.ஐ. ஆய்வாளர்களின் தூக்கத்தைக் கெடுக்கும் விஷயங்களில் முக்கியமானது மின்சாரம். 2024இல் உலகத்தின் தரவு மையங்கள், அதாவது ஏ.ஐ. உள்ளிட்ட வேலைகளுக்காகக் கணினிகளை அடுக்கி வைத்திருக்கும் கட்டடங்கள், சுமார் 415 டெராவாட் மணி (41,500 கோடி யூனிட்) மின்சாரத்தைச் செலவழித்தன என்று சர்வதேச எரிசக்தி முகமை மதிப்பிட்டிருக்கிறது. உலகின் மொத்தப் பயன்பாட்டில் ஏறக்குறைய 1.5 சதவீதம். 2030க்குள் இது இரண்டு மடங்கைத் தாண்டும் என்பது அவர்கள் கணிப்பு. நம் அம்பத்தூரிலும் சிறுசேரியிலும் இருக்கும் தரவு மையங்களும் இந்தக் கணக்கில் அடங்கியவைதான்.

ஏ.ஐ. சில்லுக்குள் மின்சாரம் எங்கே போகிறது? கணக்குப் போடுவதற்கு ஆகும் செலவு சொற்பம். கணக்குக்கு வேண்டிய எண்களை நினைவகத்திலிருந்து எடுத்து வருவதற்குத்தான் செலவு அதிகம். ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் மார்க் ஹோரோவிட்ஸ் 2014இல் ஒரு பட்டியல் வெளியிட்டார். அன்றைய 45 நானோமீட்டர் சில்லில் தசமப் புள்ளி எண்கள் இரண்டைக் கூட்ட ஒரு பிகோஜூல்கூட (ஆற்றலின் மிகச் சிறிய அளவு) ஆகவில்லை. வெளியே இருக்கும் டிராம் நினைவகத்திலிருந்து ஒருமுறை தரவு எடுக்க 1,300 முதல் 2,600 பிகோஜூல் வரை ஆயிற்று. ரசத்தில் போடும் கொத்தமல்லிக்காக ஒவ்வொரு வேளையும் கோயம்பேடு போய் வருவது மாதிரி. சில்லுகள் பிறகு எவ்வளவோ முன்னேறிவிட்டன, ஆனால் இந்த ஏற்றத்தாழ்வு தீரவில்லை. ஏ.ஐ. மாதிரிகளில் கோடிக்கணக்கான எண்களை இப்படித் திரும்பத் திரும்ப எடுக்க வேண்டியிருக்கிறது.

இதற்கு வழி தேடும் ஆய்வுகளில் ஒன்றை உங்களுக்குச் சொல்வது சுலபம், ஏனென்றால் அதன் அடிப்படை நீங்கள் தொழிற்சாலையில் பயன்படுத்திய ஓம் விதி. எண்ணை நினைவகத்திலிருந்து வெளியே எடுக்காமல், அது இருக்கும் இடத்திலேயே பெருக்கிவிட்டால் என்ன என்று யோசித்திருக்கிறார்கள். சேமிக்க வேண்டிய எண்ணை ஒரு சிறு உறுப்பின் கடத்துதிறனாக, அதாவது அது மின்சாரத்தை எவ்வளவு எளிதாக விடுகிறது என்ற அளவாக, வைத்துக்கொள்கிறார்கள். இன்னொரு எண்ணை மின்னழுத்தமாகக் கொடுக்கிறார்கள். அதில் ஓடும் மின்னோட்டம் அந்த இரண்டின் பெருக்கல். அப்புறம் பல உறுப்புகளின் மின்னோட்டங்கள் ஒரு கம்பியில் வந்து சேரும்போது, கிர்ச்சாஃப் விதிப்படி அவை தாமாகவே கூட்டப்பட்டுவிடுகின்றன. ஏ.ஐ. மாதிரிக்குள் நடப்பதில் பெரும்பகுதி இந்தப் பெருக்கலும் கூட்டலும்தான். முதல் வருடத்தில் தேர்வுக்காக மனப்பாடம் செய்துவிட்டு மறந்துபோகும் இரண்டு விதிகள் இங்கே இந்த வேலையைச் செய்கின்றன! இதைப் படித்த நாளிலிருந்து எனக்கு அந்த வியப்பு அடங்கவில்லை.

சொல்வதற்கு எளிது, செய்வது கடினம். கடத்துதிறனை நுணுக்கமாக, நிலையாக வைத்திருக்க வேண்டும். அது காலப்போக்கில் நகர்ந்துவிடும், ஒரு உறுப்பைப் போல இன்னொன்று இருக்காது. கிடைத்த மின்னோட்டத்தை மறுபடி எண்ணாக மாற்றும் சுற்றே சேமித்த மின்சாரத்தில் ஒரு பங்கைச் சாப்பிட்டுவிடும். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ஸ்ரீதோஷ் கோஸ்வாமியின் குழு, ஒரு மூலக்கூறுப் படலத்தில் 16,500 தனித்தனிக் கடத்துதிறன் நிலைகளை உருவாக்கிக் காட்டி, 2024இல் நேச்சர் இதழில் வெளியிட்டது. பொருள் வேதியியல், சுற்று வடிவமைப்பு, நிரல் மூன்றும் சேராமல் அது நடந்திருக்காது.

மென்பொருள் பக்கத்திலும் இதே கதைதான். 2022இல் ஸ்டான்ஃபோர்டில் டிரை டாவோவும் கூட்டாளிகளும் ஃப்ளாஷ் அட்டென்ஷன் என்ற முறையைக் கொண்டுவந்தார்கள். மொழி மாதிரிகளின் மையமான ஒரு கணக்கை, விடை மாறாமல், போடும் வரிசையை மட்டும் மாற்றினார்கள். சில்லுக்குள் இருக்கும் சிறிய நினைவகத்துக்கும் வெளியே இருக்கும் பெரிய நினைவகத்துக்கும் இடையிலான போக்குவரத்து குறைந்தது. ஜிபிடி-2 என்ற மொழி மாதிரியின் பயிற்சி 3 மடங்கு வரை வேகமானது. வன்பொருள் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தவர்களுக்குத்தான் இந்த யோசனையே வரும்.

சென்னையிலேயே கிண்டிப் பக்கம் பார்க்கச் சொல்லுங்கள். ஐ.ஐ.டி. மெட்ராஸில் 2014 வாக்கில் தொடங்கிய சக்தி திட்டம், யாரும் உரிமக் கட்டணம் இல்லாமல் பயன்படுத்தக்கூடிய ரிஸ்க்-வி கட்டளைத் தொகுப்பை (செயலி புரிந்துகொள்ளும் அடிப்படைக் கட்டளைகளின் பட்டியல்) வைத்து நுண்செயலிகளை வடிவமைக்கிறது. அந்த வழியில் இஸ்ரோவோடு சேர்ந்து உருவாக்கி, சண்டிகரை ஒட்டிய மொஹாலியில் 180 நானோமீட்டர் தொழில்நுட்பத்தில் தயாரித்த சில்லு இயங்கியதை 2025இல் அறிவித்தார்கள். கைப்பேசிச் சில்லோடு ஒப்பிட்டால் அது பழைய தொழில்நுட்பம். விண்கலத்துக்கு நம்பகம்தான் முதலில் வேண்டும் என்பதால் எனக்கு அது குறையாகத் தெரியவில்லை.

சொந்தக்காரர்கள் பேச்சில் ஒரு பாதி உண்மை இருக்கிறது, அதையும் மறைக்கக் கூடாது. பல கல்லூரிகளில் ஆய்வக வகுப்பு 1980இல் வந்த 8051 சில்லோடு நின்றுவிடுகிறது. கல்லூரி சொல்லித்தருவதோடு நிறுத்திக்கொண்டால் உங்கள் மகளுக்குச் சிரமம்தான். நிரல் எழுதவும் அவள் நன்றாகக் கற்றுக்கொள்ள வேண்டும். வேலையைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், மென்பொருள் நிறுவனங்கள் இ.சி.இ. மாணவர்களையும் எடுக்கத்தான் செய்கின்றன.

சரி, அந்த எண்பதாயிரம். தயவுசெய்து கடன் வாங்காதீர்கள். என்.பி.டி.இ.எல். தளத்தில் ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் வகுப்புகளை இலவசமாகப் பார்க்கலாம், சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டும்தான் கட்டணம். முதல் வருடம் பைத்தானும் நேரியல் இயற்கணிதமும் போதும். அடுத்து டிஜிட்டல் சுற்று வடிவமைப்பு, கணினிக் கட்டமைப்பு. சுற்றை நிரல் போல எழுதிச் சோதிக்க உதவும் ஐகேரஸ் வெரிலாக் என்ற இலவச மென்பொருளில் முதலில் ஒரு கூட்டல் சுற்று எழுதிப் பார்க்கட்டும். ரிஸ்க்-வியின் அடிப்படைத் தொகுப்பில் சுமார் 40 கட்டளைகள்தான் இருக்கின்றன. மூன்றாம் வருடத்துக்குள் அவற்றை இயக்கும் ஒரு சிறு செயலியை அவளாலேயே எழுதிவிட முடியும். அந்தச் சமயத்தில், எழுதிய சுற்றை நிஜமாகவே ஏற்றி இயக்கிப் பார்க்கக்கூடிய எஃப்.பி.ஜி.ஏ. போர்டு ஒன்று மட்டும் வாங்கிக்கொடுங்கள். ஆரம்பநிலை போர்டுக்கு எண்பதாயிரத்தில் ஒரு சிறு பகுதிதான் ஆகும்.