பாதாம் இல்லாமலும் பேலியோ நடக்கும்

சகோ, மாசம் ஐயாயிரத்துக்குள்ள பேலியோ (அரிசி, கோதுமை, பருப்பு, சர்க்கரையை விட்டுட்டு முட்டை, கறி, மீன், காய்னு சாப்பிடுற முறை) இருக்கணும், அதுவும் தினமும் சாயங்காலம் ஆபீஸ் வாசல் பஜ்ஜிக் கடையைத் தாண்டணும்னு எழுதியிருக்கீங்க. முதல்ல பேலியோக்காரங்க காலைச் சாப்பாடா சொல்ற அந்தத் தினம் 100 பாதாமை விடுங்க. உங்க பட்ஜெட்டைத் தின்கிறது அதுதான். பதிலுக்கு வேர்க்கடலைன்னு யாராவது சொல்வாங்க, நம்பாதீங்க. அது பருப்பு வகை, பேலியோவில் சேராது.

முட்டைதான் ஆதாரம். ஒண்ணுல சுமார் 6 கிராம் புரதம். 30 முட்டை அட்டையா வாங்குங்க. மீன்ல வஞ்சிரம் பக்கமே போகாதீங்க, மத்தி போதும். விலையும் குறைவு, ஒமேகா 3-யும் நிறைய. கோழி ஈரல் சல்லிசு. கறிக்கடையில பழகிட்டா கொழுப்பைச் சும்மாவே தருவாங்க. காய்க்கு சுரை, பூசணி, கோஸ், கீரை.

பஜ்ஜி ஆசை பெரும்பாலும் மதியம் கொழுப்புக்குப் பயந்து பயந்து குறைவா சாப்பிடுறதால வர்றது. தேங்காயெண்ணெய் தாராளமா ஊத்திச் சமைங்க. நாலு மணிக்கு ரெண்டு அவிச்ச முட்டை, உப்பு, மிளகு. அப்புறமும் இழுத்தா வேற தெரு வழியா போங்க, நான் அதைத்தான் செய்றேன்.

சுகர் மாத்திரை போடுறவர்னா டாக்டர்கிட்ட சொல்லாம சோத்தைக் குறைக்காதீங்க. சர்க்கரை ரொம்பத் தாழ்ந்துடலாம்.