சுவிஸ் நேட்டோவில் இருக்கிறதா, இல்லையா?

தேர்வுக்கான ஒரு குறிப்பில் 'சுவிஸ் நேட்டோ உறுப்பினரல்ல', இன்னொன்றில் 'கொசோவோவில் நேட்டோ படையோடு சுவிஸ் வீரர்கள்', எது தப்பு என்று கேட்டிருந்தீர்கள். இரண்டுமே சரிதான். 1996இல் சுவிஸ் சேர்ந்தது, உறுப்பினரல்லாத நாடுகளோடு நேட்டோ நடத்தும் 'அமைதிக்கான கூட்டாண்மை' திட்டத்தில் மட்டும். கூட்டுப் பயிற்சி, விருப்பப்பட்ட பணியில் கைகோப்பது, அவ்வளவுதான். ஒருவரைத் தாக்கினால் எல்லோரையும் தாக்கியதாகும் என்கிற நேட்டோ ஒப்பந்தத்தின் 5ஆம் பிரிவு சுவிஸுக்குப் பொருந்தாது. கொசோவோ விஷயத்தில் அங்கே பன்னாட்டுப் படைக்கு அனுமதி தந்த ஐ.நா. பாதுகாப்பு அவையின் 1244ஆம் தீர்மானம் இருந்தது. அதை வைத்துத்தான் 1999இல் சுவிஸ்கோய் என்ற சுவிஸ் ராணுவப் பிரிவு போனது, அதுவும் தாமாக முன்வந்தவர்கள் மட்டும்.

அப்புறம், 2022ஐயும் பாருங்கள். ஜெர்மனி தன்னிடமிருந்த கெபார்ட் என்ற விமான எதிர்ப்புப் பீரங்கிகளுக்கான சுவிஸ் தயாரிப்புக் குண்டுகளை உக்ரைனுக்குக் கொடுக்க அனுமதி கேட்டது. போரில் யார் பக்கமும் சேராத தன் நடுநிலையைக் காட்டி, சுவிஸ் அரசு முடியாது என்றுவிட்டது. என்னைக் கேட்டால், விடைத்தாளில் முதலில் இந்த 2022 எடுத்துக்காட்டைத்தான் எழுதுவேன்.