பால் அலர்ஜி: நீங்க கேட்டதும் நான் சொல்றதும்

பால் அலர்ஜி பத்தி நிறைய பேர் கேட்டுக்கினே இருக்கீங்க. நான் வேலூர்ல டயட்டீஷியன், என் பையனுக்கே இது இருந்துச்சு, அதனால படிச்சதும் வீட்ல பட்டதும் கலந்துதான் வரும்.

காட்பாடில இருந்து ஒரு அம்மா: அக்கா, 8 மாசக் குழந்தைக்கு பசும்பால் ஊத்தி கஞ்சி குடுத்தேன், அஞ்சு நிமிஷத்துல வாயைச் சுத்தி தடிச்சிடுச்சு. மாமியார் ஆட்டுப்பால் குடுன்றாங்க.

குடுக்காதம்மா. பால்ல இருக்கற கேசீன், வே (whey)ன்ற ரெண்டு வகை புரதத்தைத்தான் உடம்பு எதிரின்னு நெனச்சுக்குது, ஆட்டுப்பால் புரதமும் அதே சாயல்தான், பசும்பால் ஒத்துக்காத குழந்தைங்கள்ல பத்துல ஒம்பதுக்கு ஆட்டுப்பாலும் ஒத்துக்காது. எருமைப்பாலும் வேணாம். தாய்ப்பாலை நிறுத்திடாத, கஞ்சிய தண்ணில காய்ச்சு. பவுடர் பால் தேவைப்பட்டா புரதத்தை நல்லா உடைச்சு செய்யற ஸ்பெஷல் பவுடர் இருக்கு, டாக்டர் எழுதிக் குடுத்து வாங்கு. தேங்காப்பால் இந்த வயசுல பாலுக்கு பதிலா ஆகாது.

ராணிப்பேட்டை தம்பி: வயசு 34க்கா, கொஞ்ச நாளா பால் குடிச்சா வயிறு உப்பி பேதி ஆவுது. இதுவும் அலர்ஜியா?

பெரும்பாலும் இல்லப்பா. பால்ல இருக்கற லாக்டோஸ்ன்ற சர்க்கரை செரிக்காம போறது அது, தயிர் நிறைய பேருக்கு சேரும். ஆனா தடிப்பு, உதடு வீக்கம் வந்தா கதை வேற, டெஸ்ட் பண்ணிடு.

ஆற்காடு அக்கா: 3 வயசு பொண்ணுக்கு இருக்கு, கல்யாண வீட்ல என்னத்த குடுக்கறது?

நம்ம ஊர்ல இதாங்க்கா பெரிய கஷ்டம். மக்கன் பேடா ஸ்வீட்டு கோவால செய்யறது, பாலை சுண்டக் காய்ச்சினா புரதம் இன்னும் கெட்டியாதான் ஆவும், போயிடாது. ஆம்பூர் பிரியாணிக்கு கறிய தயிர்ல ஊற வெப்பாங்க. நெய்யிலயும் கொஞ்சூண்டு புரதம் ஒட்டிக்கினுதான் இருக்கும். எங்க சொந்தத்துல ஒரு கல்யாணத்துல பையனுக்கு வெறும் சோறும் கத்திரிக்காவும்தான் வெக்கச் சொன்னேன், பரிமாறின புள்ள தயிர் வெங்காயத்துல போட்ட கரண்டியையே கத்திரிக்கால போட்டுடுச்சு, நான் திரும்பறதுக்குள்ள ரெண்டு வாய் சாப்ட்டான், மேல் உதடு அப்படியே பலூனாட்டம் ஆயிடுச்சு. அன்னிலருந்து எங்க போனாலும் டிபன் பாக்ஸ்தான். பிஸ்கட், பிரெட் வாங்கும்போது பின்னாடி மில்க் சாலிட்ஸ், வே, கேசினேட்னு இருக்கா பாருங்க, எல்லாம் பால்தான்.

குடியாத்தம் அண்ணன்: மூச்சு திணறினா வீட்ல செட்ரிசின் இருக்கு, அது போதுமாம்மா?

போதாதுண்ணா, இத நல்லா மனசுல வெச்சுக்கங்க. அது அரிப்புக்குத்தான். மூச்சு இழுக்குது, குரல் கம்முது, குழந்தை துவண்டு போவுதுன்னா தொடைல அட்ரினலின் ஊசிதான் போடணும், எவ்ளோ சீக்கிரமோ அவ்ளோ நல்லது. 108க்கு போன் பண்ணுங்க, படுக்க வெச்சு காலைத் தூக்கி வையுங்க, மூச்சு திணறினா மட்டும் உக்கார வெக்கலாம், நடக்க விடாதீங்க. சரியான மாதிரி தெரிஞ்சாலும் சில மணி நேரம் ஆஸ்பத்திரிலயே இருக்கணும், திரும்ப வரும் சில பேருக்கு.

திருவண்ணாமலை பக்கம் ஒரு அம்மா: பால் இல்லாம எலும்புக்கு சத்து?

நம்ம கேவுரு இருக்கேம்மா! 100 கிராம்ல 300 மில்லிகிராமுக்கு மேல கால்சியம். களி கிண்டு, கூழும் குடு, ஆனா மோர் ஊத்தாம, நம்ம கை பழக்கத்துல ஊத்திடும். முருங்கக்கீரை, முள்ளோட நெத்திலியும் குடுக்கலாம்.

ஒரு அப்பா: இது சரியாவுமா, இல்ல காலம் பூராவா?

நிறைய குழந்தைங்களுக்கு வளர வளர போயிடும் சார். ஆனா கொஞ்சம் குடுத்துதான் பாப்போமேன்னு வீட்ல மட்டும் ஆரம்பிக்காதீங்க. என் பையனுக்கு 6 வயசுல ஆஸ்பத்திரி பெட்ல உக்கார வெச்சு, முதல்ல பால் போட்டு நல்லா வெந்த கேக், ஒரு துணுக்கு, கொஞ்ச நேரம் பாத்துட்டு அடுத்த துணுக்கு, பக்கத்துல ஊசி ரெடியா வெச்சுதான் குடுத்தாங்க. கேக்ல வேகாத சாதாரண பால் சேர்றதுக்கு அதுக்கப்புறமும் ஒரு வருஷம் ஆச்சு.