அவுட்ஸ்டேஷனில் கூட வருகிற ஆள் சரியில்லை: கேள்வி பதில்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்ட அலுவலகங்கள், எண்ணெய் ஆலைகள், பட்டறைகள், கடைத்தெருக் கம்பெனிகள் ஆகியவற்றில் வேலை செய்கிறவர்கள் இந்த வாரம் கேட்டவை இவை. பதில் சொல்வது பணியாளர் விவகாரம் பார்க்கும் அக்கா. தொடங்குமுன் அவர் சொன்னது: "ஒன்றை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். கோபத்தில் யாருக்கும் வாய்ஸ் மெசேஜ் போடாதீர்கள். நடந்ததைத் தேதி, நேரம், இடத்தோடு அன்றிரவே எழுதி வையுங்கள். இதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்."

ஆலை ஸ்டோர் கிராணி: அக்கா, ஸ்க்ரூ பிரஸ் உதிரிபாகம் பார்க்க அடுத்த வாரம் சண்டாக்கான் போகிறோம். கூட வருகிறவர் எதற்கும் நேரத்துக்கு வரமாட்டார். போன தடவை மயிரிழையில் விமானத்தைப் பிடித்தோம்.

கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள். விமானம் மதியம் 1.00 மணி என்றால் 12.00க்குக் கவுண்டர் மூடிவிடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 11.00க்கு அங்கே இருக்க வேண்டும். சுங்கை சிப்புட்டிலிருந்து கேஎல்ஐஏ விமான நிலையம் போக, வழியில் ஒரு டீ, கோலாலம்பூர் நெரிசல் எல்லாம் சேர்த்து நாலரை மணி நேரம். ஆக, 6.30க்கு வண்டி கிளம்பியாக வேண்டும். முந்தின நாளே வாட்ஸ்அப்பில் எழுதுங்கள்: "6.15க்கு ஆலை கேட். 6.30க்குக் கிளம்புகிறோம். 6.45 வரை பார்ப்பேன்." இதே செய்தியை மேனேஜருக்கும் அனுப்பி, "சரிதானே?" என்று கேட்டு ஒரு பதில் வாங்கி வையுங்கள். அந்தப் பதில்தான் முக்கியம். அது இல்லாமல் ஆளை விட்டுவிட்டுப் போனால் குற்றவாளி நீங்கள்தான்.

போர்டிங் பாஸ் அவரவர் போனில். பெட்டி அவரவர் பெயரில். மைகாட் அடையாள அட்டை அவரவர் பையில், சபாவில் இறங்கினால் குடிநுழைவுச் சோதனை உண்டு. 6.30க்கு ஆள் இல்லையென்றால் ஒரு கால், 6.35க்கு ஒரு செய்தி, 6.45க்குக் கிளம்புங்கள். மேனேஜருக்கு ஒரே வரி: "இன்னார் வரவில்லை, நான் கிளம்பிவிட்டேன்." "எப்போதும் இப்படித்தான்" என்று கூடவே சேர்க்காதீர்கள். அந்தச் சொல் வந்ததும் பேச்சு அவருடைய தாமதத்தை விட்டு உங்கள் இரண்டு பேரின் சண்டைக்குப் போய்விடும்.

லிந்தாங் வாசகர்: என் கூட வருகிறவரும் லேட்தான். கார் பயணம், விமானம் இல்லை.

அதே கணக்கு. கவுண்டர் மூடும் நேரத்துக்குப் பதில் மீட்டிங் தொடங்கும் நேரம்.

செம்பனை ஆலை மேற்பார்வையாளர்: ராத்திரி சாப்பாட்டுக்குப் போனால் சப்ளையர் செலவில் குடிக்கிறார். மறுநாள் காலை ஆறு மணிக்கு அவர்தான் காடி ஓட்டுகிறார். "தூங்கி எழுந்தாச்சு, தெளிஞ்சிருச்சு" என்கிறார். நம்பலாமா?

நம்பக்கூடாது. இது எண் கணக்கு. 2020 அக்டோபரிலிருந்து வரம்பு 100 மில்லிலிட்டர் ரத்தத்துக்கு 50 மில்லிகிராம், முன்பு 80 இருந்தது. ஊதிப் பார்க்கும் கருவியில் 22 மைக்ரோகிராம். உடம்பு மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம்தான் கழிக்கும். ராத்திரி 2 மணிக்கு 120இல் படுத்தவர் காலை 6 மணிக்கு 60இல் எழுகிறார். முகம் கழுவியாச்சு, கோப்பி குடிச்சாச்சு, நடை நேராக இருக்கிறது, ஆனாலும் வரம்புக்கு மேலே. குளித்தாலும் அசாம் பழ நீர் குடித்தாலும் கல்லீரல் வேகமாக ஓடாது.

பிடிபட்டால் முதல் தடவையே 10,000 முதல் 30,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை, குறைந்தது 2 ஆண்டுக்கு லைசென்ஸ் இல்லை. மோதினால் கம்பெனி காடியின் சேதத்துக்குக் காப்புறுதிப் பணமும் வராது.

செய்ய வேண்டியது: சாவியை முந்தின ராத்திரியே, அவர் முதல் கிளாஸ் எடுக்குமுன் வாங்கி வையுங்கள். "நாளைக்கு நான் ஓட்டுறேன் அண்ணே" போதும், உபதேசம் வேண்டாம். உங்களுக்கு லைசென்ஸ் இல்லையா? ஏறாதீர்கள். கேஎல் சென்ட்ரலில் ஈடிஎஸ் ரயில் ஏறினால் ஈப்போ. டிக்கெட்டைக் கிளேம் செய்யும்போது காரணத்தை ஒரு வரியில் எழுதுங்கள். சப்ளையர் செலவில் குடித்தது தனி விவகாரம். யார் பில் கட்டியது என்று அன்றிரவே குறித்து வையுங்கள்.

பெயர் வேண்டாம்: ஹோட்டல் அறையில் டுரியான் சாப்பிட்டார். அபராதம் என் பெயரில்.

அறை யார் பெயரிலோ அவர் கட்ட வேண்டும். பில்லைப் பிடித்துக்கொண்டு சாப்பிட்டவரிடம் காசு வாங்குங்கள், கம்பெனிக்குக் கிளேம் போடாதீர்கள். அடுத்த தடவை அறையை இரண்டு பெயரிலும் பதிவு செய்யுங்கள்.

கணக்குப் பிரிவு: ஜொகூரில் இரண்டு பேரும் ஒரே அறையில் தங்கினோம். அவர் இரண்டு அறைக்கு ரிசிட் வாங்கி, 120 வெள்ளி கூடுதலாகக் கிளேம் செய்து, என்னையும் கையெழுத்துப் போடச் சொல்கிறார். "பாதி உனக்கு" என்கிறார்.

போடாதீர்கள். கம்பெனியை ஏமாற்ற எண்ணிப் பொய் ரிசிட் கொடுப்பது 2009ஆம் ஆண்டு ஊழல் தடுப்பு ஆணையச் சட்டத்தின் 18ஆவது பிரிவில் வருகிறது. தனியார் கம்பெனி ஊழியருக்கும் அது பொருந்தும். தண்டனை 20 ஆண்டு வரை சிறை, அத்துடன் பொய்த் தொகையைப் போல் ஐந்து மடங்கு அல்லது 10,000 வெள்ளி, இதில் எது அதிகமோ குறைந்தது அவ்வளவு அபராதம். 120ஐ ஐந்தால் பெருக்கினால் 600தான், ஆகவே குறைந்தது 10,000. உடந்தையாகக் கையெழுத்துப் போட்டவருக்கு 28ஆவது பிரிவில் அதே தண்டனை. உங்கள் பாதி 60 வெள்ளி.

பட்டறை போர்மேன்: அக்கா, கொஞ்சம் ஓவரா இருக்கு. 120 வெள்ளிக்கு யார் எஸ்பிஆர்எம் (ஊழல் தடுப்பு ஆணையம்) வரைக்கும் போவாங்க? எல்லா கம்பெனியிலும் நடக்குது.

நீதிமன்றம் வரை போகாமல் இருக்கலாம். ஆனால் உள்விசாரணை வைத்து வேலையை விட்டு நிறுத்த 120 வெள்ளி தாராளம். அங்கே தொகையைப் பார்க்க மாட்டார்கள், நேர்மையைத்தான் பார்ப்பார்கள். பத்தாண்டு சர்வீஸ் அந்த ஒரு தாளில் போகும்.

பட்டறை போர்மேன்: ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டு வேலை வாங்கிட்டு ஓடி (கூடுதல் நேரச் சம்பளம்) தராத கம்பெனியிடம் இப்படி எடுத்தால் என்ன தப்பு? அது எங்க காசுதானே!

இரண்டு கணக்கை ஒரே தாளில் போடாதீர்கள். ஓடி பாக்கி என்றால் தொழிலாளர் இலாகாவில் மனுக் கொடுத்து வாங்கலாம், அது உங்கள் உரிமை. பொய் ரிசிட் கொடுத்த நாளிலிருந்து அந்த மனுவும் பலமிழக்கும், ஏனென்றால் கம்பெனி வழக்கறிஞர் முதலில் எடுத்து வைப்பது உங்கள் ரிசிட்டாக இருக்கும்.

லிந்தாங் வாசகர்: எங்கள் கம்பெனியில் தங்குவதற்கு ஒரு நாளைக்கு 100 வெள்ளி என்று மொத்தமாகக் கொடுத்துவிடுவார்கள். நான் அத்தை வீட்டில் தங்கிக் காசை மிச்சம் பிடித்தால் அதுவும் குற்றமா?

நல்ல கேள்வி. முதலிலேயே நான் பிரித்துச் சொல்லியிருக்க வேண்டும். கம்பெனி விதி இரண்டு வகை. ஒன்று, கட்டுத்தொகை: ரிசிட் கேட்க மாட்டார்கள், எங்கே தங்கினாலும் அந்தக் காசு உங்களுடையது. மற்றது, செலவானதைத் திருப்பித் தருவது: செலவானது எவ்வளவோ அவ்வளவுதான், ரிசிட்டும் வேண்டும். அத்தை வீட்டில் தங்கிக் கட்டுத்தொகை வாங்கினால் பிரச்சினை இல்லை. அத்தை வீட்டில் தங்கிவிட்டு ஹோம்ஸ்டே ரிசிட் வாங்கி வந்தால் அது 18ஆவது பிரிவு. உங்கள் விதி எது என்று எச்.ஆர்.இடம் எழுத்தில் கேளுங்கள்.

பட்டறை போர்மேன்: சரி, அவன் கிளேம் போட்டான், எனக்குத் தெரியும், நான் வாயைத் திறக்கலை. கையெழுத்தும் போடலை. நான் என்ன போட்டுக் கொடுக்கிற ஆளா?

கணக்கைச் சரிபார்ப்பது உங்கள் வேலை இல்லையென்றால் தேடிப்போய்ச் சொல்லச் சொல்லவில்லை. ஆனால் கேட்டால் பொய் சொல்லாதீர்கள். இ-இன்வாய்ஸ் தரும் விடுதிகளில் இப்போது கியூஆரை ஸ்கேன் செய்தால் வரி இலாகா பக்கத்தில் விவரம் வந்துவிடும். கணக்காளர் ஒரு நிமிடத்தில் கண்டுபிடிப்பார், அடுத்து உங்களைத்தான் கூப்பிடுவார், அதே அறையில் தங்கியவர் நீங்கள்தானே. இன்னொன்று: தகவல் கொடுப்போருக்கான 2010ஆம் ஆண்டுச் சட்டப் பாதுகாப்பு அமலாக்கத் தரப்பிடம் சொன்னால்தான் கிடைக்கும். முகநூலில் போட்டால் கிடைக்காது. ரிசிட் பேச்சு இத்தோடு போதும், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

தோட்ட அலுவலகத் தங்கை: பயிற்சிக்காகக் கோலாலம்பூர் போயிருந்தோம். மூத்தவர் ஒருவர் ராத்திரி 11 மணிக்கு மேல் "ரூமுக்கு வா, பேசலாம்" என்று செய்தி அனுப்பினார். படங்களும் அனுப்பினார். "வேலை நேரம் முடிஞ்சுதானே, ஆபீசுக்கு இதில் என்ன" என்கிறார்கள். அடுத்த மாதம் மறுபடியும் அவரோடு போக வேண்டும்.

தங்கச்சி, "வேலை நேரம் முடிஞ்சாச்சு" என்ற பேச்சை ஒதுக்குங்கள். கம்பெனி அனுப்பிய பயணத்தில், கம்பெனி பதிவு செய்த ஹோட்டலில் நடந்தது. வேலைச் சட்டம் 1955 சொல்வது வேலை காரணமாக, வேலையின்போது எழும் பாலியல் தொல்லை. வாய்ச்சொல், சைகை, படம், தொடுதல் எல்லாம் அதில் அடக்கம். சம்பளம் எவ்வளவு என்ற வரம்பும் இந்தப் பகுதிக்கு இல்லை.

செய்தி எதையும் அழிக்காதீர்கள், அவரை பிளாக் செய்யுமுன் உரையாடலை முழுதாக ஏற்றுமதி செய்து உங்கள் மின்னஞ்சலுக்கு அனுப்பி வையுங்கள். அவர் பெயர், எண், தேதி தெரிகிற மாதிரி ஸ்க்ரீன்ஷாட், வெட்டாமல். ஒரே ஒரு பதில் எழுதுங்கள்: "இப்படிச் செய்தி அனுப்ப வேண்டாம்." அதற்குப் பிறகு அவர் அனுப்புவது ஒவ்வொன்றும் அவருக்கு எதிரான சாட்சி.

அடுத்து எச்.ஆருக்கு எழுத்தில் புகார். விசாரிக்க வேண்டியது கம்பெனியின் கடமை. விசாரிக்க மறுத்தால் புகார் கிடைத்த 30 நாளுக்குள் காரணத்தோடு எழுத்தில் சொல்ல வேண்டும். விசாரிக்காத கம்பெனிக்கு 50,000 வெள்ளி வரை அபராதம். பதில் திருப்தி இல்லையென்றால் தொழிலாளர் இலாகா. அது தவிர, 2022ஆம் ஆண்டுப் பாலியல் தொல்லை எதிர்ப்புச் சட்டத்தில் ஒரு நடுவர் மன்றம் இருக்கிறது, 250,000 வெள்ளி வரை இழப்பீடு உத்தரவிட முடியும். தொல்லை கொடுத்தவர் உங்கள் கம்பெனி ஆளாக இல்லாமல் சப்ளையர் ஆளாக இருந்தாலும் இங்கே போகலாம். தொட்டிருந்தால் போலீஸ் புகார், எந்த ஸ்டேஷனிலும். பேச ஆள் வேண்டுமென்றால் தாலியான் காசே உதவித் தொலைபேசி 15999.

அடுத்த மாதப் பயணத்துக்கு: புகாரிலேயே "வேறு ஆளை அனுப்புங்கள் அல்லது என்னை மாற்றுங்கள்" என்று கேளுங்கள். போக நேர்ந்தால் வேறு மாடியில் அறை. உங்கள் அறை எண்ணை யாருக்கும் சொல்ல வேண்டாம் என்று கவுண்டரில் சொல்லி வையுங்கள்.

அதே தோட்டத்திலிருந்து ஒருவர்: அவர் எங்கள் சொந்தக்காரர், கோயில் கமிட்டியிலும் இருக்கிறார். புகார் கொடுத்தால் திருவிழாவில் முகத்தில் எப்படி முழிப்பது?

அதனால்தான் எழுத்தில், எச்.ஆருக்கு மட்டும், உறையில் "ரகசியம்" என்று போட்டு. கடைத்தெரு மாமாக் கடையில் இதைப் பேசினீர்கள் என்றால் சாயங்காலத்துக்குள் இரண்டு கட்சி ஆகிவிடும், சாட்சி சொல்ல வேண்டியவர்கள் ஒதுங்கிவிடுவார்கள். கமிட்டித் தலைவரிடம் பஞ்சாயத்துக்குப் போகாதீர்கள். அங்கே "மன்னிச்சு விடு" என்பதைத் தவிர வேறு தீர்ப்பு வராது.

மூன்றாவது ஆள்: அக்கா, என் கூட வருகிறவர் நேரத்துக்கே...

மேலே பாருங்கள். 6.15, 6.30, 6.45.

விற்பனைப் பிரிவு: வாடிக்கையாளர் முன்னால், "10 சதவீதம் குறைச்சுத் தரோம்" என்று சொல்லிவிட்டார். அவருக்கு அந்த அதிகாரமே இல்லை.

அவசரம் இது. அவருக்கு அதிகாரம் இருப்பது போல் கம்பெனியின் பேச்சோ நடத்தையோ வாடிக்கையாளரை நம்பவைத்திருந்தால் ஒப்பந்தச் சட்டத்தில் கம்பெனி கட்டுப்பட நேரலாம். கூட்டத்திலேயே, முகம் சுளிக்காமல், "விலையை மேனேஜரிடம் உறுதி செய்து நாளைக்குள் எழுத்தில் தருகிறோம்" என்று சொல்லுங்கள். சாயங்காலத்துக்குள் கூட்டக் குறிப்பை மின்னஞ்சலில் அனுப்புங்கள், அதே வரியோடு. அவரைத் திருத்துவது காடிக்குள், வாடிக்கையாளர் வாசலில் இல்லை.

டிரைவர் தம்பி: பாங்கி நகரில் எம்பிஓபி (மலேசிய செம்பனை எண்ணெய் வாரியம்) வேலை முடிந்து திரும்பும்போது, கூட வருகிறவர் கெந்திங் மலை உல்லாசத் தலத்துக்குப் போகலாம் என்கிறார். டோல் கம்பெனி கார்டு.

டோல் சின்ன விஷயம், டச் அண்ட் கோ பதிவில் தெரிந்துவிடும். பெரிய விஷயம் சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்). வேலைக்கான பயணத்தில் விபத்து என்றால் பாதுகாப்பு உண்டு, பாதையை விட்டுச் சொந்த வேலைக்கு விலகினால் அந்த வேலை விபத்துப் பாதுகாப்பு போய்விடும். மலையில் ஒரு வளைவில் விழுந்தால் மருத்துவமனைச் செலவு உங்கள் தலையில் விழலாம். "கெந்திங் வேண்டாம், நேரே ஊருக்குப் போவோம்" என்று சொல்லுங்கள். வேலைப் பாதையில் விபத்து நடந்தால் கம்பெனி 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும், ஆகவே அன்றே சொல்லுங்கள்.

பலர்: பயண நேரத்துக்கு ஓடி உண்டா?

உங்கள் ஒப்பந்தத்தையும், இருந்தால் கூட்டு ஒப்பந்தத்தையும் பாருங்கள். தோட்ட அலுவலக ஊழியர்கள் அமேசு தொழிற்சங்கத்தைக் கேளுங்கள். அதற்கு இங்கே பதில் சொல்ல முடியாது.

கடைசியாக ஒருவர்: அக்கா, நீங்கள் சொன்னதைப் படிக்குமுன்பே மூன்று நிமிஷ வாய்ஸ் மெசேஜ் போட்டுவிட்டேன். ஆபீஸ் குரூப்பில். அழித்துவிடவா?

அழித்தாலும் "செய்தி நீக்கப்பட்டது" என்று நிற்கும், கேட்டவர் கேட்டாச்சு. விட்டுவிடுங்கள். "நேற்று குரூப்பில் கோபத்தில் பேசியதற்கு மன்னிக்கவும், விவரத்தை எச்.ஆரிடம் எழுத்தில் கொடுக்கிறேன்" என்று ஒரு வரி போட்டுவிட்டு, இன்றைக்கே எழுதிக் கொடுங்கள். அதில் கெட்ட வார்த்தை இருந்ததா? இருந்தால் அதையும் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள்.